இரும்பு மயிலும் கண்ணுக்குத் தெரியாத புகையும்

பழைய கிளட்ச் தட்டை யாரும் நின்று ரசிப்பதில்லை. நடுவைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுருள்வில்கள், ஓரத்தில் கருத்த வளையம். என் கண்ணுக்கு அது எப்போதும் மயில்தோகையின் கண்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பட்டறை வாசலில், பழைய வண்டிப் பாகங்களால் செய்து நிறுத்திய மயிலுக்குப் பதினேழு கிளட்ச் தட்டுகள் வைத்தோம். கழுத்துக்கு டைமிங் செயின், கொண்டைக்கு ஸ்பார்க் பிளக், பக்கத்தில் நிற்கும் வேலுக்கு இலைப்பட்டை வில். பிராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலை இருப்பதால் டர்பன் ஸ்கிராப் யார்டுகளில் கொரோலா, ஹைலக்ஸ் பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை.

இருபத்தாறு வருடம், வண்டித் தகட்டைத் தட்டி நேராக்கும் பேனல் பீட்டிங்கும் வெல்டிங்கும் செய்தவன் நான். இப்போது சனிக்கிழமைகளில் வீட்டுப் பட்டறையில் இந்தக் கலையைச் சொல்லித் தருகிறேன். பள்ளி முடித்த பையன்கள் வருகிறார்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வருகிறார்கள், போன வருடம் ஒரு அம்மா தன் மகளோடு சேர்ந்து வந்தார். எல்லாரிடமும் முதல் நாள் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். கையில் இருக்கும் இந்தப் பாகம் வண்டியில் இருந்தபோது எதைச் சுமந்தது, எதில் நனைந்தது, எதனால் பூசப்பட்டது? பதில் தெரியாமல் அதன்மேல் நெருப்பு வைக்கக் கூடாது.

மயில்கண்ணாக வைத்த அந்தக் கிளட்ச் தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளின் கிளட்ச் வளையத்திலும் பிரேக் பேடிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது, தூளைச் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும் நார்க்கனிமம். நம் நாட்டின் வடக்கு கேப் மாகாணத்தில், பிரீஸ்கா, குருமான் பக்கம் தோண்டி உலகத்துக்கே ஏற்றுமதி செய்த பொருள் அது. 2008இல்தான் இங்கே தடை வந்தது. அதற்கு முந்தைய வண்டிகள் யார்டுகளில் இன்னும் கிடக்கின்றன. பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. அதனால் அந்த வளையத்தை நான் கிரைண்டரால் தொடுவதே இல்லை, கம்ப்ரஸர் காற்றால் ஊதுவதும் இல்லை. ஈரத்துணியால் துடைத்து, வளையத்தின்மேல் இரண்டு முறை வார்னிஷ் பூசி, நடுத்துளை வழியாக போல்ட் போட்டு முடுக்கிவிடுகிறேன். வெல்டிங்கே வேண்டாம். மயிலுக்கும் அதுவே அழகு.

அடுத்தது பிரேக் கிளீனர், எண்ணெய்ப்பிசுக்கைக் கரைக்கும் ஸ்பிரே. இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

ஒரு சனிக்கிழமை, பையன் ஒருவன் எண்ணெய்ப்பிசுக்கு ஏறிய கியர் சக்கரத்தை ஸ்பிரே அடித்துப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தான். "பாருங்க அங்கிள், எவ்வளவு சுத்தம்!" என்று முகமூடியை இறக்கிவிட்டு வெல்டிங் ராடைக் கையில் எடுத்தான். நான் ஓடிப்போய் மெஷினை அணைத்தேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்த டெட்ராகுளோரோஎத்திலீன் என்ற பெயரைக் காட்டினேன்.

குளோரின் சேர்ந்த இந்தத் திரவம் வெல்டிங் சூட்டிலும், ராடின் நுனியில் எரியும் ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிரிலும் உடைந்து பாஸ்ஜீன் வாயுவாக மாறக்கூடும். முதல் உலகப் போரில், 1915இல், படைவீரர்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. ஒரு துளி போதும். கியர் பல்லின் இடுக்கில், போல்ட் துளையில், இரண்டு தகடு சேரும் மடிப்பில் அந்தத் துளி காயாமல் ஒளிந்திருக்கும். சுவாசித்த உடனே லேசான இருமல், கண் எரிச்சல், அவ்வளவுதான் தெரியும். சில சமயம் அதுவும் தெரியாது. சரி, ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். பல மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாள் கழித்துக்கூட, நுரையீரலில் நீர் கோக்கும். ஆகவே, அப்படி ஒரு புகை உள்ளே போனதாகச் சந்தேகம் வந்தாலே, உடம்பு நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். "குளோரின் கிளீனர் அடித்த இரும்பில் வெல்டிங் செய்தேன்" என்று டாக்டரிடம் அப்படியே சொல்ல வேண்டும்.

என் பட்டறையில் இப்போது அந்த டப்பா கிடையாது. குளோரின் சேராத வகையும் கடையில் உண்டு, ஆனால் அது தீப்பற்றும். நாங்கள் சுடுநீரில் பாத்திரம் கழுவும் சோப்பும் வாஷிங் சோடாவும் கரைத்து, கம்பி பிரஷால் தேய்த்து, வெயிலில் ஒரு நாள் காயவைக்கிறோம். டர்பன் வெயிலுக்கு ஒரு நாள் தாராளம்.

கால்வனைஸ் தகட்டுப் பாடத்தை நான் என் உடம்பில் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சன்னல் கதவெல்லாம் சாத்திய அறையில் நாள் முழுக்க துத்தநாகம் பூசிய தகட்டை வெட்டினேன். சாயந்திரம் வாயில் ஒரு மாதிரி இனிப்பும் உலோகமுமாகச் சுவை. ராத்திரி குளிர்க் காய்ச்சல், பல் கிட்டிப்போகும் அளவுக்கு நடுக்கம். ஆயா ஒரு செம்புப் பால் காய்ச்சிக் கொடுத்தார். மறுநாள் சாயந்திரம் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பால்தான் காப்பாற்றியது என்று பல வருடம் நம்பினேன். பால் குடித்தால் புகை ஒன்றும் செய்யாது என்று இன்றைக்கும் எத்தனையோ பட்டறைகளில் சொல்கிறார்கள். அது தவறு. புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. துத்தநாகக் காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாகவே இறங்கிவிடும். பால் அன்பின் அடையாளம், மருந்தல்ல. பூச்சை நெருப்புக்கு முன்பே நீக்குவதும், காற்றோட்டமான திறந்தவெளியில் வேலை செய்வதும், உலோகப் புகைக்கென்று உள்ள முகமூடியைப் போடுவதும்தான் காவல்.

பழைய குரோம் பம்பரும், மஞ்சள் மினுமினுப்புள்ள பழைய போல்ட்டுகளும் இதைவிட மோசம். குரோமைச் சூடாக்கினால் வரும் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. மஞ்சள் போல்ட்டில் இருப்பது துத்தநாகமா காட்மியமா என்று கண்ணால் பிரித்தறிய முடியாது, காட்மியம் புகை உயிரையே எடுக்கும். அப்படிப்பட்டவற்றை வெல்டிங்கில் சேர்க்காமல் திருகியோ கம்பியால் கட்டியோ வைத்துவிடுங்கள்.

மூடிய பாகங்களுக்கு வருவோம். ஷாக் அப்சார்பரை வெட்டி ரோபோவுக்குக் கை செய்யும் வீடியோவைப் பையன்கள் கொண்டுவந்து காட்டுகிறார்கள். உள்ளே எண்ணெயும், பல வகைகளில் அழுத்தமேற்றிய நைட்ரஜனும் இருக்கிறது. பின்கதவைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட்டில் அழுத்தம் நூறு பாரைக்கூட எட்டும். உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான். இவற்றைச் சூடாக்கினால் வெடிகுண்டுதான். எனக்குத் தேவை சுருள்வில் மட்டும் என்பதால், யார்டிலேயே முறையாகக் கழற்றி வைத்ததைத்தான் வாங்குகிறேன். காலி பெட்ரோல் டாங்க்கும் அப்படித்தான். நிறைந்த டாங்க்கைவிட ஆவி நிரம்பிய காலி டாங்க் பொல்லாதது. ஏர்பேக்கையும், சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பாகத்தையும் தொடவே வேண்டாம், அவற்றில் இருப்பது வெடிமருந்து.

வால்வுகள் பூவிதழ் செய்ய அத்தனை வாகானவை. ஆனால் டர்போ எஞ்சின்களில் புகை போகும் பக்கத்து வால்வின் தண்டு சிலவற்றில் குழாயாக இருக்கும். உள்ளே சூட்டைக் கடத்த சோடியம் அடைத்திருப்பார்கள். 98 டிகிரியில் உருகும் உலோகம், தண்ணீர் பட்டால் சீறி எரியும். தலை பெரிதாக இருக்கும் காற்று நுழையும் பக்கத்து வால்வை, அதுவும் சாதாரண பழைய எஞ்சினில் கழற்றியதை எடுங்கள். எந்த வால்வாக இருந்தாலும் தண்டை வெட்டாதீர்கள்.

நம் ஊரில் அலாய் சக்கரம் எல்லாவற்றையும் 'மேக்ஸ்' என்கிறோம். பெரும்பாலானவை அலுமினியம். ஆனால் பழைய பந்தய வண்டிச் சக்கரம் ஒன்று நிஜமாகவே மக்னீசியமாக இருந்துவிட்டால், கிரைண்டர் தூள் பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் பெரிதாகும். பக்கத்தில் உலர்ந்த மணல் வாளி இருக்கட்டும்.

வாங்கும்போது ரசீது கேளுங்கள். பழைய பொருள் வியாபாரிகள் யாரிடம் என்ன வாங்கினோம் என்று பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டுச் சட்டம். யாராவது பக்கியில், அதாவது பிக்அப் வண்டியில், எஞ்சின் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கொண்டுவந்து குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால் எனக்கு வேண்டாம். உள்ளே இருக்கும் பிளாட்டினத்துக்காகவே அதை அறுத்துத் திருடுகிறார்கள். யாரோ ஒருவருடைய வண்டிக்கடியில் இருந்ததை என் மயிலில் வைக்க மனம் ஒப்பாது.

கடைசியாகப் பூச்சு. கடற்காற்றில் இரும்பு ஒரே வாரத்தில் துருவேறிப் பழுத்துவிடும், அதனால் எல்லாரும் காரின் மேல் பூசும் நிறமற்ற பூச்சான கிளியரைக் கேட்கிறார்கள். இறுகவைக்கும் ஹார்டனர் கலக்கும் 2கே கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது. என்னோடு வேலை செய்த ஒருவருக்கு அதனாலேயே ஆஸ்துமா வந்து, பட்டறை வாசலில் நின்றாலே மூச்சு இழுக்கும் என்ற நிலையில் தொழிலையே விட்டார். காற்றுக்குழாய் பொருத்திய முகமூடி இல்லாமல் வீட்டில் அதை ஸ்பிரே அடிக்காதீர்கள். நான் மயிலுக்குத் தேன்மெழுகைத்தான் தேய்க்கிறேன். கிளட்ச் கண்கள் ஒவ்வொன்றையும் துடைத்து, மெழுகைத் துணியில் தொட்டுத் தேய்க்க ஒரு காலை முழுக்க ஆகிறது. தைப்பூசத்துக்கு முந்தின சனிக்கிழமை வகுப்பே அதற்குத்தான். வருகிறவர்கள் பழைய பருத்தித் துணி கொண்டுவாருங்கள்.