நின்றுபோன வண்டியை வாங்குவதற்கு முன்

கடந்த ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் குட்டியானையில் ஒரு மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்தார். 100 சிசி வண்டி. முத்தையாபுரம் பக்கம் உப்பளத்தை ஒட்டிய ஒரு வீட்டின் தாழ்வாரத்தில் ஏழு ஆண்டுகளாக நின்றது. அந்த வீட்டுப் பையன் கப்பல் வேலைக்குப் போய்விட்டதால் எடுத்து ஓட்ட ஆளில்லை. விலை 9,000 ரூபாய். “மீட்டரைப் பாருங்க அண்ணாச்சி, 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. புது வண்டி மாதிரிதான்” என்று மகிழ்ச்சியோடு சொன்னார்.

வாங்கிய இடத்திலேயே புதுப் பெட்ரோல் ஊற்றி மிதித்துப் பார்த்திருக்கிறார்கள். கிக்கர் இறங்கவில்லை. உடனே இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ள, இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டிருக்கிறார்கள். இஞ்சின் ‘கடக்’ என்று ஒருமுறை சுழன்று நின்றுவிட்டது. நான் இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, பிஸ்டன் ஏழு ஆண்டுகள் அசையாமல் நின்ற இடம் சிலிண்டரின் உள்சுவரில் துருவளையமாகத் தெரிந்தது. அதற்குக் கீழே, நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஆழத்துக்கு நீளக் கீறல்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் மேல் ரிங் மூன்று துண்டுகளாகக் கிடந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே இரண்டு கரண்டி இஞ்சின் ஆயிலை ஊற்றி ஓர் இரவு பொறுத்திருந்தால், அந்த ரிங் பெரும்பாலும் உடையாமலே விடுபட்டிருக்கும். ஒரு மாணவர் பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணம் ஒரு நிமிட அவசரத்தில் வீணானதைப் பார்த்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஓடாத வண்டி தேயாது என்ற நம்பிக்கை நம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. ஓடும் வண்டியில் ஆயில் எல்லா இடங்களுக்கும் போய்வருகிறது, சூட்டில் ஈரம் வெளியேறிவிடுகிறது, பெட்ரோல் புதிது புதிதாக மாறுகிறது. நின்ற வண்டியில் இவை எதுவும் நடப்பதில்லை. அதனால் நாள்தோறும் ஓடி 60,000 கிலோமீட்டர் கண்ட வண்டியை, ஏழு ஆண்டுகள் நின்று 14,000 மட்டுமே காட்டும் வண்டியைவிட நான் அதிகம் நம்புவேன். உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இது இன்னும் பொருந்தும்.

பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். அதில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விட, மிஞ்சியது பிசினாக இறுகிக் கார்புரேட்டருக்குள் படிகிறது. இப்போதைய பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. அந்த நீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் தகட்டைத் துருவாக்குகிறது. டேங்க் மூடியைத் திறந்தவுடன் பழைய வார்னிஷ் போன்ற நெடி அடித்தால், கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே செலுத்திப் பாருங்கள். அடியில் செம்மண் படிந்ததுபோல் தெரிவது துரு. அதன்மேல் புதுப் பெட்ரோல் ஊற்றினால் அந்தத் துரு பெயர்ந்து பெட்ரோல் காக் வழியே இறங்கி, நன்றாக இருந்த கார்புரேட்டரையும் அடைத்துவிடும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் பைலட் ஜெட்டின் துளை தையல் ஊசி நுழைய முடியாத அளவு சிறியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு, புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டருக்குப் பதிலாக இஞ்செக்டரும் டேங்குக்குள் பெட்ரோல் பம்பும் இருப்பதால், அவை நின்று கெட்டால் செலவு பல மடங்காகும்.

விற்பவர் வீட்டில் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அசையாவிட்டால் அதன்மேல் ஏறி நிற்காதீர்கள், தள்ளவும் விடாதீர்கள். பட்டறையில் நாங்கள் பிளக் துளையில் ஆயில் ஊற்றி ஊறவைத்து, மறுநாள் மேல் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்து விடுவிப்போம். அதன் பிறகுகூட, பழைய ஆயிலை இறக்கிப் புதிது ஊற்றி, பிளக் இல்லாமலே பலமுறை மிதித்து, ஆயில் ஹெட் வரை ஏறிய பின்னர்தான் ஸ்டார்ட் செய்வோம்.

இஞ்சின் கெட்டால் பணம் போகும், பிரேக் கெட்டால் உயிர் போகும். ஆனால் இஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்குகிற பலர் பிரேக்கைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. அந்த இளைஞரின் வண்டியில் முன்சக்கர டிரம்மைத் திறந்தேன். பிரேக் ஷூவின் லைனிங் வெளிப்பார்வைக்குத் தடிமனாக, தேய்மானமே இல்லாமல் இருந்தது. ஸ்குரூ டிரைவர் நுனியை ஓரத்தில் வைத்து லேசாக நெம்பியதும், அது பிஸ்கட் பொதி பிரிவதுபோல் முழுதாகக் கையோடு வந்துவிட்டது. ஒட்டியிருந்த பசைக்கு அடியில் துரு வளர்ந்து லைனிங்கை மேலே தூக்கியிருந்தது. ஓடும்போது அது பெயர்ந்து டிரம்முக்குள் சிக்கியிருந்தால் முன்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டிருக்கும். டிஸ்க் பிரேக் என்றால், பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி, டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் உறைந்துபோயிருக்கும். ஆயிலை மாற்றுவதோடு அதையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 3516 என்றால் 2016ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன் தேயாமல் இருக்கிறது என்று விற்பவர் சொன்னாலும், பத்து ஆண்டு பழைய டயரில் ரப்பர் இறுகிப்போயிருக்கும். மழையில் பிடிமானம் இருக்காது. இரண்டு டயர், இரண்டு டியூப், பேட்டரி, பிரேக் ஷூ, செயின் செட், ஃபோர்க் ஆயில் சீல் ஆகியவற்றின் விலையைப் பேரத்துக்கு முன்பே எழுதிக் கூட்டிப் பாருங்கள். வண்டியின் விலைக்கு இணையான தொகை தனியாகக் கையில் இல்லையென்றால் வாங்க வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

எங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவான அந்த மழையில், எத்தனையோ வண்டிகள் மூழ்கின. கழுவித் துடைக்கப்பட்டு ஓரமாக நின்ற வண்டிகள் சில இன்று விற்பனைக்கு வருகின்றன. ஹெட்லைட்டுக்குள் காய்ந்த வண்டல் கோடு, வயர்களை இணைக்கும் கப்ளர்களில் பச்சை பூத்த செம்பு, ஆயில் குச்சியில் பால் கலந்த காப்பியின் நிறம் ஆகியவற்றைத் தேடுங்கள். இவற்றில் இரண்டு தென்பட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள். வயரிங் கோளாறு ஒன்றைச் சரிசெய்தால் மறுவாரம் இன்னொன்று முளைக்கும்.

பழைய ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளுக்குச் சிறிய ஊர்களிலும் உதிரிப்பாகம் கிடைக்கிறது. உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்கு ஒரு சைடு கவருக்காக மாதக்கணக்கில் அலைய நேரிடும்.

இனி ஆர்.சி. புத்தகம், அதாவது வண்டியின் பதிவுச் சான்று. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன்பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். நின்ற காலமும் அந்தக் கணக்கில் சேரும். எனவே 2008இல் பதிவாகி நின்றுபோன வண்டியை வாங்குகிறவர், தாமதக் கட்டணம், பசுமை வரி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குகிறார். இஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் துணியால் துடைத்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பைனான்ஸ் பாக்கியும் அபராதமும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பைனான்ஸ் பெயர் நீங்காமல் இருந்தால் கடன் முடிந்த சான்றோடு 35ஆம் எண் படிவம் வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு மாறியாக வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் எண் படிவங்களில் பதிவு உரிமையாளரே கையெழுத்திட வேண்டும். விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு. பல கை மாறிய வண்டி விபத்துக்குள்ளான ஒரு வழக்கில், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகையால் இது விற்பவரின் நலனுக்கும் உரிய வேலை. அவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

அந்த இளைஞரின் வண்டிக்குச் சிலிண்டர் வேலை முடித்து, பிரேக், டயர், வயரிங் எல்லாம் சரிசெய்தபோது வாங்கிய விலையைவிட அதிகம் செலவாகியிருந்தது. வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் ஆர்.சி. புத்தகம், கப்பல் வேலையில் இருக்கும் அந்த வீட்டுப் பையனின் பெயரில் இருக்கிறது; கையெழுத்திட அவர் தை மாதம்தான் விடுப்பில் வருகிறார். “அதுவரைக்கும் ரோட்டுல எடுக்காதீங்க தம்பி” என்று கேட்டுக்கொண்டு வண்டியைப் பட்டறையிலேயே நிறுத்தியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த இளைஞர் வந்து பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டுப் போகிறார்.