கோட்டைக்குத் தீவு செய்து கொடுத்த பனி

லித்துவேனியத் தலைநகர் வில்னியஸிலிருந்து மேற்கே 28 கிலோமீட்டர் போனால் திராகாய். ஏரிகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் பழைய ஊர். மரப்பாலத்தில் நடந்தால், கால்வே ஏரியின் தீவில் சிவப்புச் செங்கல் கோட்டை. 14ஆம் நூற்றாண்டில் லித்துவேனிய ஆட்சியாளர் கெஸ்துதிஸ் தொடங்கியதை அவர் மகன் வீதௌதஸ் முடித்தார். 1430இல் வீதௌதஸ் இறந்ததும் இந்த ஊரில்தான்.

போகிறவர்கள் கோபுரத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். கொஞ்சம் குனிந்து அடிச்சுவரையும் பார்க்க வேண்டும். செங்கலோடு பதித்த கற்கள் முனை மழுங்கி உருண்டையாக இருக்கும்; ஒன்று இளஞ்சிவப்பு, அடுத்தது சாம்பல். கருங்கல் இனம். ஆனால் லித்துவேனியாவின் சொந்தக் கருங்கல் அடுக்கு நிலத்துக்கு வெகு ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. அப்படியானால் இவை எங்கிருந்து வந்தன?

வடக்கே ஸ்காண்டிநேவியப் பக்கத்திலிருந்து, பனிக்குள் மாட்டிக்கொண்டு வந்தன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதிவரை பெரும்பனி பரவியிருந்தது. பனிப்பாளம் தன் எடையாலேயே நசுங்கி மெல்ல நகரும். அடியில் இருக்கும் பாறையைப் பெயர்த்து, அரைத்து, உருட்டிக்கொண்டு வரும். உருகும் இடத்தில் அத்தனையையும் கொட்டிவிடும். உழவர்களின் வயலில் கிடந்த அந்தக் கல்தான் பிறகு கோட்டைக்குப் போனது.

ஏரியும் அந்தப் பனியின் வேலைதான். பனிக்கு அடியில் பாய்ந்த உருகுநீர் நிலத்தை நீளநீளமாகக் குடைந்தது. பனி பின்வாங்கியபோது பெரிய கட்டிகள் உடைந்து தங்கிவிட, அவற்றை மணலும் சரளையும் மூடின. ஐஸ் பாரை உமிக்குள் புதைத்தால் சீக்கிரம் உருகாது அல்லவா, அதே கதை. கட்டிகள் வெகுகாலம் கழித்து உருகின, மேல்மண் பள்ளமாக இறங்கியது, நீர் நிறைந்தது. கட்டி இல்லாத இடம் மேடாகவே நின்று தீவானது. கால்வேயில் 21 தீவுகள் இருப்பதும், ஒரு பக்கம் அடி சுமார் 47 மீட்டருக்குப் போவதும் இப்படித்தான். எதிரி எளிதில் அணுக முடியாத அந்த மேடு கெஸ்துதிஸுக்கும் வீதௌதஸுக்கும் தயாராகக் கிடைத்தது.

ஊரையும் ஏரிகளையும் சேர்த்து 1991இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதில் என்னைக் கேட்டால் கோட்டைக்குச் சமமாகப் பார்க்க வேண்டியது வார்னிகாய் காட்டின் சதுப்பு. பலகைப் பாதைக்கு இருபுறமும் மெத்தை மாதிரி ஒரு பாசி. அதன் செத்த செல்கள் வெற்றுக் குடங்கள். உலர்ந்த எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். நீரிலுள்ள தாது உப்பை இழுத்துக்கொண்டு அமிலத்தை விடும். புளித்த, காற்றில்லாத அந்த நீரில் எதுவும் சரியாக மட்காது. அதனால் பழைய பாசிமேல் புதிய பாசி ஏறி, சிறிய ஏரிகளை மெல்ல மெல்லத் தூர்த்துவிடுகிறது.

அங்கே இடுப்பளவு உயரத்தில் நிற்கும் பைன் கன்றைப் பார்த்தால் சில வருடங்களுக்கு முன்பு முளைத்தது என்றுதான் தோன்றும். சத்தில்லாத ஈரத்தில் வேர் திணறி, பல பத்தாண்டுகளாக அவ்வளவுதான் வளர்ந்திருக்கும்.