மேலே தாகம், கீழே ஊற்று: குவெங்கா மலைகளில் ஒரு சரளைப் பாதை

மத்திய ஸ்பெயினின் கிழக்குப் பகுதியில், குவெங்கா நகருக்கு வடக்கே விரிந்து கிடக்கும் மலைநாட்டுக்குச் சைக்கிளோடு போகிறவர்களுக்கு, முன்பே போய் வந்தவர்கள் சொல்லும் முதல் அறிவுரை தண்ணீரைப் பற்றியது: கண்ட இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள், அடுத்த இடத்தை நம்பாதீர்கள். கேட்டால் விநோதமாக இருக்கும். இது பாலைவனம் அல்ல. 1,200 முதல் 1,600 மீட்டர் வரை உயரமுள்ள, பைன் மரங்கள் அடர்ந்த மேட்டுநிலம். குளிர்காலத்தில் பனி விழுகிறது. உயரமான இடங்களில் ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டரை எட்டுகிறது. ஆனாலும் மேட்டின்மீது மணிக்கணக்கில் மிதித்தாலும் ஓர் ஓடைகூடக் குறுக்கிடாமல் போகலாம். அதே மேட்டின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தால், செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே ஹூக்கார் ஆறு பச்சை நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

பெய்த மழை எங்கே போனது என்பது புரிந்துவிட்டால் இந்தப் பாதையில் சந்திக்கும் மற்ற பலவும் புரிந்துவிடும். டயரைக் கிழிக்கும் சரளை, சக்கரத்தையே பூட்டிவிடும் சேறு, காட்டுக்கு நடுவே திடீரென்று வாய் பிளக்கும் பள்ளங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே ஒரு வேதிவினைதான் இருக்கிறது.

இங்குள்ள பாறைகளில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் இந்த நிலப்பரப்பை மூடியிருந்த ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடலின் அடியில் படிந்த கால்சியம் கார்பனேட். தூய தண்ணீரில் அது அவ்வளவாகக் கரையாது; ஒரு லிட்டருக்கு 14 மில்லிகிராம் போனால் அதிகம். ஆனால் கரியமில வாயு கலந்த தண்ணீர் லேசான அமிலமாகி, கார்பனேட்டைக் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாற்றி எடுத்துக்கொண்டு போய்விடும். மழைத்துளி காற்றிலிருந்து கொஞ்சம் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டுதான் விழுகிறது. ஆனால் காற்றில் அதன் அளவு 0.04 சதவீதம்தான். அதை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் பள்ளத்தாக்குகள் உருவாக இன்னும் வெகு காலம் பிடித்திருக்கும்.

பைன் காடு உதவிக்கு வருவது இங்கேதான். வேர்கள் சுவாசிக்கின்றன, உதிர்ந்த ஊசியிலைகளைப் பூஞ்சைகளும் நுண்ணுயிரிகளும் மட்கச் செய்கின்றன. இரண்டுமே கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. மண்ணின் துளைகளில் அது வெளிக்காற்றைப் போல் பத்து முதல் நூறு மடங்குவரை சேர்ந்துவிடுகிறது. அந்த மண்ணின் வழியே இறங்கும் மழைநீர் லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல்லைச் சுமந்துகொண்டு ஊற்றாக வெளிவருவது சாதாரணம். மரம் மண்ணைப் பிடித்துக் காக்கிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது உண்மைதான். ஆனால் அதே மரம் மண்ணுக்குக் கீழே உள்ள பாறையைக் கரைக்கவும் துணைபோகிறது.

கரைவது எல்லா இடத்திலும் சமமாக நடப்பதில்லை. பாறையின் இயற்கையான விரிசல்களில்தான் தண்ணீர் இறங்குகிறது. இறங்க இறங்க விரிசல் அகலமாகிறது. அகலமாக ஆக இன்னும் அதிகத் தண்ணீர் அதற்குள் போகிறது. காலப்போக்கில் மேட்டுநிலம் முழுவதும் அடியில் ஓட்டை விழுந்த பாத்திரமாகிவிடுகிறது. மழை பெய்த கையோடு உள்ளே போய்விடுவதால் மேற்பரப்பில் ஓடை உருவாக வாய்ப்பே இல்லை. உள்ளே குடையப்பட்ட குகையின் கூரை தாங்காமல் இடிந்து விழும்போது வட்டமான பெரும்பள்ளங்கள் தோன்றுகின்றன. குவெங்காவுக்குக் கிழக்கே லோஸ் பலங்காரெஸ் காட்டில் இவை கூட்டமாக இருக்கின்றன. உள்ளூரில் தோர்கா என்கிறார்கள். பைன்களுக்கு நடுவே சமதளமாகப் போகும் பாதையின் ஓரத்தில், முன்னறிவிப்பு ஏதுமின்றி, மரங்கள் முளைத்த ஒரு பெரிய குழி திறந்துகொள்ளும். இரவில் விளக்கில்லாமல் ஓட்டக் கூடாத இடங்களில் ஒன்று.

பள்ளத்தாக்கின் சுவர்கள் ஏன் இவ்வளவு செங்குத்தாக நிற்கின்றன என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. வேறு வகைப் பாறைகளில் மழைநீர் சரிவுகளின் மேலாக வழிந்தோடி அவற்றை அரித்துச் சாய்த்துவிடும். சுண்ணாம்புக்கல்லில் நீர் உள்ளே போய்விடுவதால் சரிவை அரிக்க ஆளில்லை. ஊற்றுகளால் வலுப்பெற்ற ஆறு மட்டும் அடியை நோக்கி வெட்டிக்கொண்டே போகிறது. சுவர்கள் விரிசல்களின் வழியே துண்டு துண்டாகப் பெயர்ந்து விழுந்து, செங்குத்தாகவே நீடிக்கின்றன. சைக்கிள்காரருக்கு இதன் பொருள், மேட்டில் சுலபமாக ஓடும் பாதை ஆற்றைக் கடக்கும்போது மட்டும் நெட்டுக்குத்தாக இறங்கி, உடனே அதே அளவுக்கு ஏறும் என்பது.

சுற்றுலாப் பயணிகள் கூடுவது சியுதாத் என்காந்தாதா என்ற விநோதப் பாறைக் கூட்டத்தில். மேற்பகுதியில் மெக்னீசியம் மிகுந்த, மெதுவாகக் கரையும் பாறையும், கீழே சீக்கிரம் கரையும் பாறையும் இருப்பதால் காளான் வடிவக் கற்கள் நிற்கின்றன. 1929இலேயே பாதுகாக்கப்பட்ட இடம். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கே போகும் வழியில் சக்கரத்தடியில் கிடப்பது எனக்கு இன்னும் சுவையான விஷயமாகப் படுகிறது.

இந்தச் சரளைச் சாலைகள் சைக்கிளுக்காகப் போடப்பட்டவை அல்ல. ஒரு காலத்தில் இந்த மலைகளின் பைன் தடிகள் ஆற்றிலேயே பயணம் செய்தன. தாஹோ ஆற்றின் மேல்பகுதியில், நுனியில் கொக்கி மாட்டிய நீண்ட கழிகளோடு கன்செரோக்கள் என்ற தொழிலாளர்கள் மிதக்கும் தடிகளின்மேல் நின்றபடியே அவற்றை ஓட்டிச் சென்றார்கள். 2022இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த மரமிதப்புக் கலையில் இவர்களுடையதும் அடக்கம். பிறகு லாரிகள் வந்தன; லாரிகளுக்காகக் காட்டுச் சாலைகள் வந்தன. ஊர்கள் காலியாகிக்கொண்டிருக்கும் பகுதி இது. பக்கத்துத் தெருவேல் மாகாணத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 9 பேர்தான் வசிக்கிறார்கள். ஆளில்லாத ஊர், போக்குவரத்தில்லாத சாலை. சரளையில் ஓட்டும் கிராவல் சைக்கிள்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சாலையில் கொட்டியிருப்பதும் பெரும்பாலும் அதே சுண்ணாம்புக்கல், உடைத்தது. ஆற்றில் உருண்ட கூழாங்கல்லைப் போல் மழுங்காமல் அதன் ஓரங்கள் கத்தியாக இருக்கும். ஆனால் அதற்கு ஒரு நல்ல குணமும் உண்டு. கல்லோடு கலந்திருக்கும் நுண்தூள் மழையில் சிறிதளவு கரைந்து, காயும்போது மீண்டும் படிகமாகிக் கற்களை ஒட்டவைக்கிறது. அதனால் மழை பெய்து இரண்டொரு நாளில் இந்தச் சாலைகள் தார்ச்சாலைக்கு நெருக்கமாக இறுகிவிடும். மழை பெய்யும்போதே மாட்டிக்கொண்டால் கதை வேறு. சுண்ணாம்புக்கல் கரைந்த பிறகு கரையாமல் மிஞ்சுவது களிமண்; இரும்பு கலந்திருப்பதால் சிவப்பாக இருக்கும். சாலையில் சரளை இல்லாத இடங்களில் அது டயரில் சுற்றிச் சுற்றி ஏறி, சட்டகத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே அடைத்துக்கொண்டு, சைக்கிளைத் தோளில் தூக்க வைத்துவிடும்.

டயருக்கு வருவோம். பந்தயச் சைக்கிளின் 28 மில்லிமீட்டர் டயரில் 5 பார் (காற்றழுத்த அலகு) அழுத்தம் வைப்பார்கள். இங்கே 40 முதல் 50 மில்லிமீட்டர் அகலம், 2 பார் அல்லது சற்று மேலே. காற்று குறைந்தால் சைக்கிள் கனக்கும் என்பது பலரின் நம்பிக்கை. வழவழப்பான தரையில் அது சரி: டயர் நசுங்கி நிமிரும்போது ரப்பருக்குள் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது, அழுத்தம் கூடினால் நசுங்கல் குறையும். கரடுமுரடான தரையில் இன்னொரு இழப்பு சேர்கிறது. கல்லின்மேல் ஏறும்போது கெட்டியான டயர் வளைந்து கொடுக்காது. சைக்கிளும் ஆளும் சேர்ந்து மேலே எறியப்படுகிறார்கள். முன்னோக்கிப் போக வேண்டிய ஆற்றல் உடலைக் குலுக்கி, தசைகளுக்குள் வெப்பமாகிவிடுகிறது. மென்மையான டயர் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு கடந்துவிடும். ஆகவே ஒவ்வொரு தரைக்கும், ஒவ்வொரு எடைக்கும் ஓர் அழுத்தம் இருக்கிறது. அதற்கு மேல் காற்றடிக்க அடிக்க வேகம் குறையத்தான் செய்யும்.

உள்டியூப் இல்லாத இந்த டயர்களுக்குள் லேடெக்ஸ் கலந்த வெள்ளைத் திரவம் கொஞ்சம் இருக்கும். முள் குத்தினால் காற்றோடு வெளியே பீறிட்டு, துளையிலேயே உறைந்து அடைத்துவிடும். பக்கச் சுவரைக் கல் கிழித்தால் மட்டும் அது பயன்படாது. அப்போது உள்டியூப் ஒன்றை மாட்டி, கிழிசலுக்கு உட்புறம் 5 யூரோ நோட்டை மடித்து வைத்து ஊர் சேர்வது பழைய உத்தி. யூரோ நோட்டு பருத்தி இழைத் தாள் என்பதால் தாங்கும்.

கிழக்கே அல்பர்ராசின் என்ற ஊரை நெருங்கும்போது தரை சட்டென்று மாறும். அதை டயர் உணர்வதற்கு முன் மரங்கள் சொல்லிவிடும். சுண்ணாம்புக்கல்லில் நன்றாக வளர்வது சாம்பல் நிறப் பட்டையுள்ள கரும்பைன். கூடவே சபினா என்ற காட்டு ஜூனிபர். சுண்ணாம்பு பிடிக்காத ரோதேனோ பைன் சிவந்த மணற்கல்லில் நிற்கும். அந்தக் கல்லுக்கும் பெயர் ரோதேனோதான். ஆழமாகப் பிளந்த தடித்த பட்டை, நீளமான ஊசியிலை. பிசின் எடுக்கப் பட்டையைச் செதுக்கிக் கீழே சிறு கிண்ணம் மாட்டுவது இந்த மரத்தில்தான். சுமார் 25 கோடி ஆண்டுப் பழைய இந்த மணற்கல்லுக்குக் கரையத் தெரியாது, உதிரத்தான் தெரியும். உதிர்ந்த மணல் சாலையில் சேர்ந்து முன்சக்கரத்தை விழுங்கும். மரம் மாறுவதைக் கவனித்ததும் கியரைக் குறைத்து, எடையைப் பின்னே தள்ளிக்கொள்கிறவர் விழாமல் தப்புவார்.

மறுபடி சுண்ணாம்புக்கல் நாட்டுக்கு. கரைந்துபோன கல் என்னவாகிறது? கரியமில வாயு தப்பிப்போனால் வினை அப்படியே திரும்பி, கார்பனேட் மீண்டும் கல்லாகும். கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் ஒட்டுவதும் இதே வினைதான். குவெர்வோ ஆறு பிறக்கும் இடத்தில் இதைக் கண்ணாரப் பார்க்கலாம். குகையிலிருந்து வெளிவந்த நீர் பாசிகளின்மேல் மெல்லிய திரையாகச் சிதறி விழும்போது வாயு காற்றில் கலந்துவிடுகிறது. சுண்ணாம்பு பாசியின்மேல் படிகிறது. அடிப்பாகம் கல்லாக இறுக, பாசி நுனியில் வளர்ந்துகொண்டே இருக்கும். சாதாரண அருவி பாறையை அரித்துப் பின்வாங்கும். இது முன்னோக்கி வளர்கிறது.

கன்யாதா தெல் ஓயோ என்ற ஊரருகே, இடிந்த குழிகளில் நிலத்தடி நீர் நின்று ஏழு ஏரிகளாகியிருக்கின்றன. அவற்றில் லா ஹிதானா ஏரி கோடையில் சில நாட்கள் பாலைப் போல் வெளுத்துவிடும். வெயிலில் சூடாகும் நீரால் கரியமில வாயுவைப் பிடித்துவைக்க முடிவதில்லை. நுண்ணிய நீலப்பசும்பாசிகள் ஒளிச்சேர்க்கைக்காக மிச்சத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றன. உடனே ஏரி முழுவதும் கார்பனேட் துகள்கள் தோன்றி, மெல்ல அடியில் இறங்கும். ஆழத்தில் உள்ள நீர் மேல்நீரோடு கலப்பதில்லை, அங்கே ஆக்சிஜனும் இல்லை. சேற்றைக் கிளறப் புழுகூட இல்லாததால் ஒவ்வொரு கோடையின் வெள்ளை அடுக்கும் அதன்மேல் படியும் கறுப்பு அடுக்கும் கலையாமல் இருக்கின்றன. அவற்றைத் துளையிட்டு எடுத்து, ஆண்டு ஆண்டாக எண்ணி, இந்த மலைகளின் பழைய மழைக் கணக்கை ஆய்வாளர்கள் படித்து வருகிறார்கள்.