புரதம் சீரழிவதில்லை

"தாவர அடிப்படையிலான இலக்குப் புரதச் சீரழிவு மதிப்பீடு." ஒரு மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும்போது இந்தத் தொடர் கண்ணில் பட்டது. இதே 'புரதச் சீரழிவை' முன்பும் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன், பேசாமல் கடந்து போயிருக்கிறேன். இந்த முறை மனம் கேட்கவில்லை.

இங்கே 'சீரழிவு' என்று மொழிபெயர்த்திருப்பது 'டிக்ரடேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லை. அதற்குள் இருப்பது லத்தீனின் 'கிராடுஸ்', அதாவது படி. ஒருவரைப் பதவியிலிருந்து கீழே இறக்குவது பழைய பொருள். பிறகு தரம் குறைவது, நிலம் பாழாவது, வேதியியலில் பெரிய மூலக்கூறு துண்டுகளாக உடைவது என்று பொருள் கிளைத்தது. இங்கே வேண்டியது அந்தக் கடைசிப் பொருள் மட்டும்.

'நிலச் சீரழிவு' நல்ல ஆக்கம், அதில் எனக்குச் சண்டை இல்லை. நிலம் இருக்கிறது, அதன் வளம் போய்விட்டது. 'குடித்துச் சீரழிந்தான்' என்றால் ஆள் இருக்கிறான், வாழ்க்கை கெட்டுவிட்டது. பொருள் நிற்க, சீர் மட்டும் போவதுதான் சீரழிவு. செல்லுக்குள் நடப்பது அதுவா? வெட்ட வேண்டிய புரதத்தின்மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் அடையாளச் சீட்டுபோல ஒட்டப்படுகிறது. சீட்டு விழுந்த புரதத்தைப் புரோட்டியசோம் என்ற வெட்டும் அமைப்பு துண்டு துண்டாக்குகிறது. இந்தச் சீட்டு முறையைக் கண்டறிந்ததற்குத்தான் 2004இல் வேதியியல் நோபல் பரிசு. வெட்டுப்படுவது கெட்டுப்போன புரதமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நன்றாக வேலை செய்துகொண்டிருப்பதும் வெட்டுப்படும். துண்டுகள் அமினோ அமிலங்களாகி அடுத்த புரதத்தைக் கட்டப் போகும். அதனால் சிலர் எழுதும் 'புரத அழிப்பு' என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

'சீரழிவு' பொருந்தக்கூடிய வேறொன்று புரதத்துக்கு உண்டு. முட்டை வேகும்போது வெள்ளைக்கரு கெட்டியாகிறதே, அங்கே புரதச் சங்கிலி அறுபடுவதில்லை, அதன் மடிப்புதான் குலைகிறது. இதை இயல்பிழப்பு என்கிறோம். 'புரதச் சீரழிவு' என்று படிக்கிற மாணவருக்கு இதுதான் நினைவுக்கு வரும். வராவிட்டால்தான் வியப்பு.

மேலே சொன்ன தொடர் பேசும் சோதனைக்கே வருவோம். செடியின் ஆக்சின் என்ற ஹார்மோன், டிஐஆர்1 என்ற புரதத்தையும் அது சீட்டு ஒட்ட வேண்டிய இன்னொரு புரதத்தையும் பசைபோல இணைக்கிறது. 2007இல் இந்த இணைப்பின் வடிவமே படிகமாக்கிப் பார்த்ததில் தெரிந்தது. 2012இல் வெளிவந்த ஒரு சோதனையில், அந்த இரண்டாவது புரதத்தின் ஒரு பகுதியை ஒளிரும் புரதம் ஒன்றோடு சேர்த்து அரபிடோப்சிஸ் செடிக்குள் வைத்தார்கள். ஆக்சின் கூடினால் சீட்டு விழுந்து அது வெட்டுப்படும், ஒளி மங்கும். சரி, மங்கியதற்கு வேறு காரணம் இருந்தால்? புரதம் உண்டாவதே குறைந்திருந்தால்? அதற்காக, ஆக்சினோடு சேர முடியாதபடி மாற்றிய பகுதியையும் தனியே வைத்துப் பார்த்தார்கள், அது மங்குவதில்லை. இவ்வகைச் சோதனைகளில் புரோட்டியசோமைத் தடுக்கும் எம்ஜி132 என்ற பொருளைக் கொடுத்தும் பார்ப்பதுண்டு. இத்தனை பாடும் புரதம் வெட்டப்பட்டுத்தான் போனது என்று காட்டுவதற்கு. அதைத் தமிழில் 'சீரழிந்தது' என்று எழுதினால், சோதித்தவர் பிரித்துக் காட்டியதை மொழிபெயர்த்தவர் மறுபடி கலந்துவிடுகிறார்.

எனக்குச் சரியாகப் படுவது 'சிதைப்பு'. உருக்குலைந்து வரும் வடசொற்களைத் தொல்காப்பியர் 'சிதைந்தன வரினும் இயைந்தன வரையார்' என்கிறார். அவ்வளவு பழைய வினை. பிணம் எரிக்கும் 'சிதை' நினைவுக்கு வருகிறதே என்று ஒரு நண்பர் தயங்கினார். அது 'சிதா' என்ற வடசொல்லிலிருந்து வந்தது, இதற்கும் அதற்கும் உறவில்லை. 'சிதைவு' என்றும் எழுதலாமே என்றால், தானே உடைவது சிதைவு, ஒன்று இன்னொன்றை உடைப்பது சிதைப்பு. தன்வினை, பிறவினை என்று இவ்வளவு எளிதாகப் பிரித்துக் காட்ட வழி இருக்கும்போது அதை ஏன் கைவிட வேண்டும்?

'இலக்குப் புரதச் சிதைப்பு' என்பதும் எனக்கு உவப்பில்லை. 'குறிவைத்த புரதச் சிதைப்பு' என்றால் கேட்டவுடன் புரியும். அப்புறம் அந்த 'அடிப்படையிலான'. ஆங்கிலத்தில் 'பேஸ்ட்' என்று கண்டால் போதும், கை தானாக 'அடிப்படையிலான' என்று எழுதிவிடுகிறது. சோயாப் பாலும் 'தாவர அடிப்படையிலான' பால், செடிக்குள் நடத்தும் சோதனையும் 'தாவர அடிப்படையிலான' சோதனை. 'செடியில் செய்யும் சோதனை' என்று எழுத என்ன தடை? மொழிபெயர்ப்பவர் வாக்கியத்தை ஒரு முறை வாய்விட்டுப் படித்தாலே இவற்றில் பாதி நின்றுவிடும்.

ஆக்சின்போல ஒரு புரதத்தைச் சிதைப்புக்கு அனுப்பிவைக்கும் பொருளை ஆங்கிலத்தில் 'டிக்ரேடர்' என்கிறார்கள். அதைச் 'சிதைப்பி' என்று சிலர் எழுதுகிறார்கள். சுருக்கமாக இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் ஆக்சின் எதையும் வெட்டுவதில்லை. இரண்டு புரதங்களைச் சேர்த்துவைப்பதோடு அதன் வேலை முடிந்தது; வெட்டுவது புரோட்டியசோம், சிதைப்பி என்ற பெயர் அதற்குத்தான் உரியது. ஆக்சினைச் 'சிதைப்புத் தூண்டி' என்றே எழுதிவருகிறேன்.