வீட்டின் முன்பக்கம் சிறிதாகக் கூட்டிக் கட்டத் திட்ட அனுமதி வேண்டுமா?

"மூன்றடிதானே, இதற்கெல்லாமா கவுன்சிலிடம் போவது?" இங்கிலாந்தில் வீட்டை முன்னால் இழுத்துக் கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பின்புறம் மூன்று மீட்டர் நீளத்துக்கு விண்ணப்பமே போடாமல் கட்டியிருப்பார். அவருக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியாது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் முன்பக்கத்துக்குச் சட்டம் வேறு. போர்ச் (வாசல் கதவுக்கு முன்னால் கட்டும் சிறு முன்கூடம்) என்ற ஒரே ஒரு விலக்கைத் தவிர, எவ்வளவு சிறிதாகக் கட்டினாலும் அனுமதி வேண்டும்.

2015ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணை, விண்ணப்பிக்காமலேயே கட்டக்கூடியவை எவை என்று வகுத்திருக்கிறது. 'பெர்மிட்டெட் டெவலப்மென்ட்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதில் வீட்டை விரிவாக்குவது பற்றிய 'ஏ' பிரிவு, வீட்டின் முதன்மை முகப்பாக அமைந்த சுவரைத் தாண்டி எதுவும் நீளக்கூடாது என்கிறது. அரை மீட்டர் வரை போகலாம் என்ற சலுகை அங்கே இல்லை. மூலைமனை வீடுகளில், தெருவைப் பார்த்த பக்கச் சுவருக்கும் இதே தடை பொருந்தும். முகப்பு தெருவுக்குச் சொந்தம். ஒரு வீடு முன்னே வந்தால் வரிசை முழுவதும் மாறிவிடும் என்பதுதான் இதன் பின்னுள்ள எண்ணம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. வீட்டின் முகப்பு எப்போதும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதில்லை. பெரிய பே விண்டோ முன்னே துருத்தியிருக்கும், வாசல் உள்ளே தள்ளியிருக்கும். அல்லது 'எல்' வடிவில் ஒரு பகுதி மட்டும் முன்னே வந்திருக்கும். "ஜன்னல் வரைக்கும்தானே வருகிறோம், அதைத் தாண்டவில்லையே" என்று அந்தப் பள்ளத்தை நிரப்பிக் கட்டுகிறார்கள். அரசின் தொழில்நுட்ப விளக்கக் குறிப்பு இதற்கு இடமே தரவில்லை. ஒரே திசையைப் பார்க்கும் சுவர்கள் எல்லாம் சேர்ந்துதான் முதன்மை முகப்பு. எல்லைக்கோடு அந்தச் சுவர்களின் வளைவு நெளிவோடு சேர்ந்தே போகும். ஆகவே உள்வாங்கிய பகுதியை நிரப்பினாலும் அனுமதி தேவை.

இனி போர்ச். 'டி' பிரிவு இதற்குத் தனியாக வழிவிடுகிறது. வெளிக்கதவு ஒன்றுக்கு முன்னால் அமைய வேண்டும். தரைப்பரப்பு மூன்று சதுர மீட்டரையும் உயரம் மூன்று மீட்டரையும் தாண்டக்கூடாது. தெருவை ஒட்டிய மனை எல்லையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் அதன் எந்தப் பகுதியும் வரக்கூடாது. பரப்பை வெளிப்புறமாக அளக்க வேண்டும் என்பதை மனதில் வையுங்கள். இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் மூன்று சதுர மீட்டர் முடிந்துவிட்டது. சுவர்களின் கனம் முப்பது சென்டிமீட்டர் என்றால் உள்ளே மிஞ்சுவது 1.4க்கு 1.2 மீட்டர். காலணி அடுக்கவும் ஒரு குழந்தை வண்டியை நிறுத்தவும் போதும். கழிப்பறை வைக்கலாம் என்று கனவு காண வேண்டாம். பழைய தொடர்வீடுகளில் முன்தோட்டம் மிகக் குறுகலாக இருப்பதால், அந்த இரண்டு மீட்டர் விதியே பல போர்ச்சுகளைத் தடுத்துவிடும்.

இந்தச் சலுகை வீடுகளுக்கு மட்டும்தான். ஃபிளாட்டுகளுக்கும், இரண்டு தளங்களில் அமைந்த ஃபிளாட்டுகளான மேசனெட்டுகளுக்கும் கிடையாது. புதிய குடியிருப்புகளில், முதலில் கொடுத்த அனுமதியின் நிபந்தனையிலேயே இந்த உரிமையை எடுத்திருக்கக்கூடும். சில தெருக்களில் 'ஆர்ட்டிகிள் 4' உத்தரவு மூலம் கவுன்சில் அதை நீக்கியிருக்கும். பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள கட்டடம் என்றால் தனி ஒப்புதல் இல்லாமல் கைவைப்பதே குற்றம்.

போர்ச் அளவுக்குள்தான் வருகிறது என்று உறுதியாகத் தெரிந்தாலும், சட்டப்படியான கட்டுமானம் என்ற சான்றிதழை முன்கூட்டியே கவுன்சிலிடம் வாங்கிவிடுங்கள் என்றுதான் நான் வற்புறுத்துவேன். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கும் முதல் காகிதங்களில் இது ஒன்று. கட்டணம், முழு விண்ணப்பக் கட்டணத்தில் பாதி. முழுக் கட்டணம் 2025 ஏப்ரல் 1 அன்று 258 பவுண்டிலிருந்து 528 பவுண்டாக உயர்ந்தது; விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி தேவை என்று சொன்னாலே, கிடைக்காது என்று பொருளல்ல. உங்கள் தெருவில் ஏற்கெனவே முன்னால் கட்டிய வீடுகள் உண்டா, உங்கள் திட்டம் பே விண்டோவை விழுங்காமல் இருக்கிறதா, பக்கத்து வீட்டு ஜன்னலின் வெளிச்சத்தை மறைக்கிறதா, செங்கலும் ஓடும் பழையதோடு பொருந்துகிறதா என்பவற்றைத்தான் அதிகாரிகள் பார்ப்பார்கள். கவுன்சிலின் வடிவமைப்பு வழிகாட்டியைப் படித்த பிறகு வரைபடம் வரையச் சொல்லுங்கள். முடிவுக்கு வழக்கமாக எட்டு வாரம். மறுத்தால் 12 வாரங்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

"அனுமதியில்லாமல் கட்டினாலும் நாலு வருஷம் யாரும் கேட்காவிட்டால் போதும்" என்று சொல்லும் பில்டரை நம்பாதீர்கள். அது பழைய கணக்கு. 2024 ஏப்ரல் 25 முதல் நடவடிக்கை எடுப்பதற்கான காலம் பத்தாண்டு. அந்தத் தேதிக்கு முன்பே பெருமளவு கட்டி முடிந்தவற்றுக்கு மட்டுமே நான்காண்டு. அனுமதியில்லாமல் கட்டியபின் விண்ணப்பிக்கவும் வழி உண்டு, ஆனால் மறுக்கப்பட்டால் உங்கள் செலவிலேயே இடிக்க நேரும். அமலாக்க அறிவிப்பு வந்த பிறகும் அசையாமல் இருந்தால்தான் அது குற்றமாகிறது.

திட்ட அனுமதியும் கட்டட விதிமுறையும் வேறு வேறு. போர்ச் தரைமட்டத்தில், 30 சதுர மீட்டருக்குள் இருந்து, பழைய முன்கதவும் இருந்த இடத்திலேயே இருந்தால் கட்டட விதிமுறையிலிருந்து பொதுவாக விலக்கு உண்டு. கண்ணாடியும் மின்வேலையும் மட்டும் விதிப்படி இருக்க வேண்டும். இடம் பெரிதாகத் தெரியட்டும் என்று அந்தக் கதவைக் கழற்றிவிட்டால் விலக்கு போய்விடும். பக்கத்து வீட்டுக் கட்டடத்திலிருந்து மூன்று மீட்டருக்குள், அவர்கள் அடித்தளத்தைவிட ஆழமாகத் தோண்டினால், 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். முன்தோட்டத்தில் சாக்கடை மூடி தெரிகிறதா என்றும் பாருங்கள்; பொதுக் கழிவுநீர்க் குழாயின் மீது கட்டுவதானால் தண்ணீர் நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும்.