பூவைப் பார்க்கும் முன் வேரைப் பாருங்கள்

போன மழைக்காலத்தில் ஒரு வீட்டிலிருந்து அழைத்தார்கள். வாசலில் ஏழு வருடமாக நின்ற குல்மோகர், ராத்திரி அடித்த காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. பெரிய காற்றுகூட இல்லை. பக்கத்து மரங்களில் ஒரு கிளை ஒடியவில்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தேன். ஏழு வருடத்துக்கு முன் கன்று வந்த பையின் உருவம் அப்படியே உள்ளே இருந்தது. வேர்கள் பக்கவாட்டில் ஓடாமல் வட்டமாகச் சுற்றி, ஒன்றையொன்று நெரித்து, பானைபோல இறுகிக் கிடந்தன. "தினமும் தண்ணி ஊத்துனேனே" என்று அந்த அம்மா கண்கலங்கினார். ஊற்றியது உண்மைதான். தவறு நடந்தது நட்ட நாளில், இன்னும் சொன்னால் வாங்கிய நாளில்.

அதனால்தான் அழகு மரம் வேண்டும் என்று கேட்பவர்களை, பக்கத்தில் இருக்கும் மரப் பண்ணைக்கு நேரில் போகச் சொல்கிறேன். உங்கள் ஊர் வெயிலுக்கும் மண்ணுக்கும் பழகிய கன்று அங்கே கிடைக்கும். லாரியில் இரண்டு நாள் காய்ந்து வராது. எல்லாவற்றையும்விட, பையிலிருந்து உருவிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். நல்ல பண்ணைக்காரர் தயங்காமல் காட்டுவார். வெளிர் நிறத்தில் சல்லி வேர்கள் மண்ணைப் பிடித்திருந்தால் நல்லது. விரல் கனத்தில் வேர் சுற்றியிருந்தால், பூ எவ்வளவு குலுங்கினாலும் அந்தக் கன்றை எடுக்காதீர்கள். மெல்லிய வேர்கள் மட்டும் சுற்றியிருந்தால் காப்பாற்றிவிடலாம்: நடும்போது வேர்மண்ணின், அதாவது வேரோடு பையிலிருந்து வரும் மண்கட்டியின், பக்கங்களில் கூரான கத்தியால் மேலிருந்து கீழாக மூன்று நான்கு கீறல் போட்டால், வெட்டிய இடத்திலிருந்து புது வேர் வெளிநோக்கிக் கிளம்பும்.

ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து பூத்து நிற்கும் மரத்தையே எல்லோரும் விரும்புகிறார்கள். அந்த ஆசை புரிகிறது. ஆனால் இடுப்பளவுக் கன்று புது மண்ணில் சீக்கிரம் வேர் பிடித்து, சில வருடங்களில் பெரிய கன்றை எட்டிப் பிடிப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வேர்க்கழுத்து. தண்டு அகன்று வேராக மாறும் இடம் அது. மரத்தின் இந்த இடம் காற்று பட வெளியே தெரிய வேண்டும். மண்ணில் புதைந்தால் அங்கே பட்டை ஈரத்தில் ஊறி அழுகும், பூஞ்சை நுழையும். சில நேரம் பையிலேயே மண் கூடுதலாக நிரம்பி வேர்க்கழுத்து மறைந்திருக்கும். விரலால் மேல்மண்ணை ஒதுக்கி அதைக் கண்டுபிடித்த பிறகே குழியின் ஆழத்தை முடிவு செய்யுங்கள். குழி, வேர்மண்ணைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம் இருக்கட்டும். ஆழம் வேர்மண்ணின் உயரத்துக்கு மேல் வேண்டாம். அடியில் உரத்தைக் கொட்டி அதன்மேல் கன்றை வைத்தால், உரம் மக்கி இறங்கும்போது மரமும் இறங்கி, வேர்க்கழுத்து புதைந்துபோகும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். தொழு உரத்தை மேலே தூவினால் போதும். பையைக் கீறிவிட்டு அப்படியே புதைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து முழுவதும் எடுத்துவிடுங்கள்.

முதல் சில மாதங்கள் தண்ணீர் வேர்மண்ணிலேயே இறங்க வேண்டும், ஏனென்றால் வேர் இன்னும் அதைத் தாண்டவில்லை. பிறகு வேர் பரவப் பரவப் பாத்தியை அகலமாக்குங்கள். தினமும் ஒரு குவளை தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நனைப்பது நல்லது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்த இலை மூடாக்கு 5 முதல் 10 செ.மீ. கனம் போடலாம், தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. ஊன்றுகோல் கட்டினால் கயிறு தளர்வாக இருக்கட்டும், ஒரு வருடத்தில் அவிழ்த்துவிடுங்கள். நைலான் கயிறு பட்டைக்குள் புதைந்து கழுத்தை அறுத்த மரங்கள் நிறைய உண்டு.

கவாத்து, அதாவது கிளை வெட்டுவது பற்றி ஒன்று மட்டும். உச்சியை மொட்டையடிக்காதீர்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல ஒரு தடிப்பு இருக்கும். அதை விட்டுவிட்டு அதற்கு வெளியே வெட்டுங்கள். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. அமெரிக்க வன ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து விளக்கியது இது. அந்தச் சுவர் எழும்புவது தடிப்பிலிருந்துதான். வெட்டிய இடத்தில் பெயின்ட் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை.

சாய்ந்த குல்மோகர் இருந்த இடத்தில் இப்போது ஒரு சரக்கொன்றை நிற்கிறது. பண்ணையில் ஆறு பைகளை உருவிப் பார்த்து அந்த அம்மாவே தேர்ந்தெடுத்த, பூவே இல்லாத இடுப்பளவுக் கன்று. மழை பெய்து மண் சரிந்த மறுநாளெல்லாம் வேர்க்கழுத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார்.