சுவர் மறைவிலும் குண்டு படுவது ஏன்?

எங்கள் உறவுக்குள் துப்பாக்கி விளையாட்டில் மூன்று கட்சிகள் உண்டு. பீளமேட்டில் பொறியியல் படிக்கும் சித்தி மகனுக்கு வாலரன்ட். பல்லடத்தில் தறிக்குடோன் பார்த்துக்கொள்ளும் மாமன் மகனுக்குச் செல்போனில் பிஜிஎம்ஐ, அதாவது பப்ஜியின் இந்தியப் பதிப்பு. எனக்குக் கவுண்டர் ஸ்ட்ரைக். நோம்பிக்கு அப்புச்சி வீட்டில் கூடினால், விருந்து முடிந்து கை உலர்வதற்குள் எது உயர்ந்தது என்ற பேச்சு வந்துவிடும். அவரவர் ருசி என்று சொல்லி எழுந்துவிடலாம்தான். ஆனால் அந்த ருசியின் பெரும்பங்கு மில்லி விநாடிகளில் இருக்கிறது என்பது என் கட்சி. ஒவ்வொரு ஆட்டமும் நேரத்தை ஒவ்வொரு விதமாகப் பங்கு போடுகிறது. நம் கண்ணுக்கும் கைக்கும் எந்தப் பங்கு ஒத்துவருகிறதோ அதை நல்ல ஆட்டம் என்கிறோம்.

முதலில், ஓர் ஆளை வீழ்த்த எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்போம். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஏகே-47 நிமிடத்துக்கு 600 குண்டுகள் சுடும். அதாவது ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 0.1 விநாடி. கவசம் அணிந்தவரின் மார்பில் நான்கு குண்டுகள் பட வேண்டும். இடைவெளிகள் மூன்று, ஆக 0.3 விநாடி. தலையில் பட்டால் ஹெல்மெட் இருந்தாலும் ஒன்றே போதும். கண்ணால் கண்டதற்குக் கையை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ 0.2 முதல் 0.25 விநாடி தேவை. எனவே தலையில் வாங்கியவருக்குப் பதில் சொல்லவே நேரமில்லை. மார்பில் வாங்கியவருக்கு ஏதோ கொஞ்சம் உண்டு. வாலரன்டின் வேண்டல் துப்பாக்கியும் இதே கணக்குதான்: முழுக் கவசத்தோடு 150 உயிர்ப்புள்ளிகள், உடம்பில் பட்டால் 40 குறையும், தலையில் பட்டால் 160. மந்திர வித்தைகளை எடுத்துவிட்டால் சித்தி மகனின் ஆட்டமும் என் ஆட்டமும் பங்காளிகள். அதை ஒப்புக்கொள்ள அவனுக்கு மனம் வராது.

கால் ஆஃப் டியூட்டியிலும் ஆளை வீழ்த்தும் நேரம் இதைவிடப் பெரிதாக ஒன்றும் வேறுபடுவதில்லை. அங்கே வேறுபடுவது சாவின் விலை. வழக்கமான குழு ஆட்டத்தில் செத்தவர் சில விநாடிகளில் திரும்பி வந்துவிடுவார். அடிபட்டவர் ஒதுங்கி நின்றால் காயம் தானே ஆறிவிடும். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் செத்தால் அந்தச் சுற்று முடியும்வரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். சுற்று ஏறக்குறைய இரண்டு நிமிடம். அடுத்த சுற்றில் துப்பாக்கி வாங்கக் காசும் குறைந்திருக்கும். விலை கூடிய சாவு ஆட்டக்காரரைப் பொறுமைசாலியாக்குகிறது. எதிரி எங்கே தலைகாட்டுவான் என்று யோசித்து, அந்த உயரத்தில் குறியை முன்கூட்டியே வைத்திருப்பவர் ஜெயிக்கிறார். வேலை முடிந்து வந்து கால் மணி நேரம் சுட்டுவிட்டுப் படுக்க நினைப்பவருக்கு இந்தக் காத்திருப்பு அலுப்பூட்டும். அவர்மேல் குற்றமில்லை.

குண்டு என்று நாம் சொல்வதும் எல்லா ஆட்டத்திலும் ஒன்றல்ல. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் பொத்தானை அழுத்திய கணத்தில் கணினி ஆட்டக்காரரின் கண் இருக்கும் இடத்திலிருந்து ஒரு நேர்கோடு போட்டுப் பார்க்கிறது. கோடு எதன்மேல் முட்டுகிறதோ அதன்மேல் அடி விழுகிறது. குண்டு பறப்பதே இல்லை. மாமன் மகன் ஆடும் பப்ஜி வகையில் குண்டு உண்மையிலேயே காற்றில் போகிறது, போகப் போகக் கீழே இறங்குகிறது. விநாடிக்கு 700 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், 200 மீட்டர் தள்ளி இருப்பவரை அடைய அதற்கு 0.29 விநாடி ஆகும். அதற்குள் விநாடிக்கு 6 மீட்டர் ஓடுபவர் 1.7 மீட்டர் நகர்ந்திருப்பார். எனவே ஆளைக் குறிவைத்தால் ஆளுக்குப் பின்னால் சுடுவீர்கள். ஆள் போகப்போகும் இடத்தில் சுட வேண்டும். மாமன் மகன் இதில் கெட்டிக்காரன். செல்போனைச் சாய்த்தால் குறி நகரும் ஜைரோ வசதியையும் போட்டுக்கொள்கிறான்.

செல்போனில் குறியைச் சற்றே எதிரியின் பக்கம் இழுத்து உதவும் மென்பொருளைச் சொல்லி அவனைக் கேலி செய்வோம். நியாயமில்லாத கேலி. 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் அளந்து காட்டியபடி, இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் ஆக ஆக, கை அதை எட்ட எடுக்கும் நேரம் கூடும். கண்ணாடிமேல் வழுக்கும் கட்டைவிரல், மேசைமேல் முழுக்கையால் தள்ளும் மவுஸ் அளவுக்கு நுணுக்கமாக நிற்காது. அந்த விரல் திரையில் ஒரு பங்கை மறைக்கவும் செய்கிறது. அதற்கு ஈடுதான் அந்த உதவி. 1993இல் வந்த டூமில் மேலும் கீழும் குறிபார்க்கவே வழியில்லை. எதிரி மாடியில் நின்றால் ஆட்டமே குறியை ஏற்றிக்கொண்டது. இந்த வகைக்கு மூதாதை அது. அதை யாரும் கேலி செய்வதில்லை.

என் அக்காவுக்கு மூன்று ஆட்டமும் ஆகாது. பத்து நிமிடம் பார்த்தால் குமட்டும். நம் உட்காதில் உள்ள அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை உணர்ந்து மூளைக்குச் சொல்கின்றன. திரையில் காட்சி சுழல்வதால் கண் நகர்கிறோம் என்கிறது, காது உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது. இரண்டும் முரண்படும்போது சிலருக்கு வயிறு புரட்டும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் பஸ்ஸில் செல்போனைப் பார்த்துக்கொண்டே 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பவருக்கும் இதே முரண்தான், தலைகீழாக: காது நகர்கிறோம் என்கிறது, கண் இல்லை என்கிறது. பார்வைக்கோணமும் இதில் பங்கு வகிக்கிறது. 24 அங்குலத் திரையை வழக்கமான தூரத்திலிருந்து பார்த்தால் அது நம் பார்வையில் சுமார் 40 பாகை அகலத்தை மட்டுமே பிடிக்கும். ஆட்டமோ 90 பாகைக் காட்சியை அதற்குள் அடைக்கிறது. மிகக் குறுகலாக வைத்தாலும் மிக விரித்து வைத்தாலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அமைப்புகளில் இந்தக் கோணத்தை மாற்றிப் பார்ப்பதும், நடக்கும்போது காட்சி குலுங்குவதை அணைப்பதும், திரையிலிருந்து தள்ளி உட்காருவதும் பலருக்கு உதவுகின்றன. அக்கா எதையும் முயலவில்லை. கேரம் போதும் என்கிறார்.

இனி, எல்லாக் கட்சிகளும் ஒன்றுசேர்ந்து கத்தும் விஷயம்: சுவருக்குப் பின்னால் போய்விட்டேன், பிறகும் செத்துவிட்டேன், எதிரி ஏமாற்றுகிறான். பெரும்பாலும் எதிரி ஏமாற்றவில்லை.

கோவைக்கும் மும்பைக்கும் நேர்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். எல்லா ஆட்டக்காரர்களையும் இணைத்து ஆட்டத்தை நடத்தும் கணினியான சர்வர் மும்பையில் இருந்தால், கண்ணாடி இழையில் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும் ஒளி, போய் வரவே 10 மில்லி விநாடி எடுக்கும். கேபிள் நேராகப் போவதில்லை, நடுவில் ரவுட்டர்கள் வேறு. ஆகவே உண்மையில் இது சில மடங்கு கூடும். சிங்கப்பூர் சர்வர் என்றால் தூரம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். எவ்வளவு பணம் கட்டி இணைப்பு வாங்கினாலும் 30 மில்லி விநாடிக்குக் கீழே இறங்காது. இந்தப் போய்வரும் நேரம்தான் பிங்.

பிங்கை ஒழிக்க முடியாது என்பதால் அதை மறைக்கக் கற்றுக்கொண்டார்கள். 1996இல் குவேக் ஆட்டத்தின் இணையப் பதிப்பான குவேக்வேர்ல்டில் அதன் நிரலாளர் ஜான் கார்மாக் ஒரு வழி செய்தார்: நீங்கள் முன்னால் போகும் பொத்தானை அழுத்தினால், சர்வரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் உங்கள் கணினி உங்களை உடனே நகர்த்திவிடும், பிறகு சர்வர் சொல்வதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும். இதனால் உங்கள் கால் சொன்னபடி கேட்கும். மற்றவர்கள் விஷயம் வேறு. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற செய்தி விட்டுவிட்டு வருவதால், அதைத் துள்ளாமல் காட்டக் கணினி கொஞ்சம் தாமதித்துக் காட்டுகிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் பிறந்த ஹாஃப் லைஃப் ஆட்டத்தின் காலத்தில் அந்தத் தாமதம் 0.1 விநாடி, இப்போது அதைவிடக் குறைவு. ஆக, திரையில் நீங்கள் நிகழ்காலத்திலும் எதிரி இறந்தகாலத்திலும் நிற்கிறீர்கள்.

இறந்தகாலத்தில் நிற்பவரை நிகழ்காலத்தில் சுட்டால் குறி தப்பும். அதற்கும் வழி கண்டார்கள். வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001இல் அதை விளக்கி எழுதினார். நீங்கள் சுட்ட செய்தி வந்ததும் சர்வர் உங்கள் தாமதத்தைக் கணக்கிட்டு, எல்லோரையும் அவ்வளவு பின்னே நகர்த்தி, நீங்கள் கண்ட காட்சியில் குண்டு பட்டதா என்று பார்க்கிறது. கிரிக்கெட்டில் மூன்றாம் நடுவர் படத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பதைப் போல. பட்டிருந்தால் அவுட்.

செத்தவர் பக்கம் இருந்து இதைக் கணக்கிடுங்கள். உங்கள் பிங் 60, எதிரியின் பிங் 60, காட்சித் தாமதம் 30 என்று கொள்வோம். நீங்கள் கடைசியாக வெளியே தெரிந்த கணத்திலிருந்து உங்கள் சாவுச்செய்தி உங்களுக்கு வந்து சேர 150 மில்லி விநாடி ஆகும். அதற்குள், விநாடிக்கு 6 மீட்டர் என்ற அதே வேகத்தில், உங்கள் திரையில் நீங்கள் 90 சென்டிமீட்டர் ஓடியிருப்பீர்கள். முழு உடம்பும் சுவருக்குப் பின்னால். இதில் சுட்டவரின் பிங்கும் சேர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பல்லடத்தில் இணைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேறெங்கோ இருப்பவரின் சிக்னல் குறைவு உங்களைக் கொல்லும்.

சர்வர் விநாடிக்கு எத்தனை முறை கணக்குப் பார்க்கிறது என்பதில் சித்தி மகனுக்குப் பெருமை. வாலரன்டுக்கு 128 முறை, அதாவது 7.8 மில்லி விநாடிக்கு ஒருமுறை. பழைய கவுண்டர் ஸ்ட்ரைக்கின் சொந்த சர்வர்களில் 64. 2023இல் வந்த இரண்டாம் கவுண்டர் ஸ்ட்ரைக், இரண்டு கணக்குகளுக்கு நடுவே எந்தக் கணத்தில் சுட்டீர்கள் என்பதையும் குறித்துக்கொள்கிறது. நல்ல முன்னேற்றங்கள்தான், ஆனால் பேசப்படும் அளவுக்கு இல்லை. விநாடிக்கு 60 முறை காட்சி மாற்றும் 60 ஹெர்ட்ஸ் திரை ஒன்றே காட்சிக்குக் காட்சி 16.7 மில்லி விநாடி எடுக்கிறது.

காந்திபுரத்தின் பிரவுசிங் சென்டர்களில் ஆடிப் பழகியவர்கள் பழைய கவுண்டர் ஸ்ட்ரைக் நேர்மையான ஆட்டம் என்பார்கள். நானும் அப்படித்தான். அங்கே சர்வர் அதே அறையில், சில மீட்டர் ஒயரின் மறுமுனையில் இருந்தது. அந்த நேர்மையில் பாதி ஒயருடையது.

இதே தாமதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மூலையில் காத்திருப்பவரை, எட்டிப் பார்ப்பவர் முதலில் காண்கிறார். அவர் எட்டிப் பார்த்த செய்தி காத்திருப்பவரை அடைய முந்தைய கணக்குப்படி இருவர் பிங்கிலும் பாதிப் பாதியும் காட்சித் தாமதமும் சேர்ந்து 90 மில்லி விநாடி ஆகும். மனிதரின் வினைநேரத்தில் இது கிட்டத்தட்டப் பாதி. வீட்டில் எல்லோரும் படம் பார்க்கும் இரவு நேரத்தில் பிங் ஏறினால் நான் மூலையில் காத்திருப்பதில்லை. நானே எட்டிப் பார்த்துவிடுகிறேன்.